கடலைச் சுருளில் போன கப்பல்

ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்து மக்களே, வாக்குப் போடாத ஒரே ஆள் நான்தான் என்று குழுவில் போட்டு உடைத்துவிட்டீர்கள். சந்தோஷம். இரண்டு நாளாகக் கைப்பேசி கத்திக்கொண்டே இருக்கிறது. 'விண்வெளிக் கதை, மாயாஜாலக் கதை: பழைய எழுத்தாளர்களா, இன்றைய எழுத்தாளர்களா? ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்.' அந்த 'மட்டும்' யார் போட்டது என்று எனக்குத் தெரியும். நம் வங்கி அண்ணன்தான். கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துக் கேட்கிற மாதிரியே கதையிலும் கேட்கிறார்.

நான் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். தீவுக்கு எதிர்க்கரையில், பிறையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். உங்கள் கூட்டத்துக்கு முதல்முறை வந்தது உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப்பு இலவசம் என்று கேள்விப்பட்டு. இதையெல்லாம் நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் சொல்வதால் நானே முன்னால் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு வேலை மிச்சம்.

ஆனால் வாக்கெடுப்போடு நீங்கள் விட்டிருந்தால் நானும் கறிபாப்போடு விட்டிருப்பேன். அடுத்த மாதம் பிள்ளைகள் தினமாம். உங்கள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பழசா புதுசா என்று கையைத் தூக்கச் சொல்லப் போகிறீர்களாம். தோற்ற பக்கத்துப் புத்தகங்களைப் பெட்டியில் கட்டிவிட்டு, ஜெயித்த பக்கத்துக்கு அலமாரி முழுவதையும் கொடுக்கப் போகிறீர்களாம். 'பிள்ளைகள் முடிவு பண்ணட்டும், ஜனநாயகம்' என்று அண்ணன் எழுதியிருக்கிறார், கீழே பன்னிரண்டு கைதட்டல் பொம்மைகள்.

ஐயா ஜனநாயகமே, நான் ஒருமுறை அப்படி நின்றிருக்கிறேன். அதைக் கேளுங்கள்.

எங்கள் வீடு பினாங்குத் தீவில், தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் ஓர் அடுக்குமாடியில், மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு கூடம். அப்பா, அம்மா, நான், மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி, பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. 'வேற இடம் பாக்கற வரைக்கும்' என்று வந்தவர், நான் பால்பல் விழுந்து பெரிய பல் முளைத்து முடிகிறவரை கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தார்.

அப்பா லாரிக்காரர். பிறைப் பக்கத் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றி இறக்குகிற வேலை. இரண்டு பேரும் படிக்கிறவர்கள். அதுவும் சாதாரணமாகப் படித்திருந்தால் பரவாயில்லை. சவ்ராஸ்தா சந்தை மாடியில், கூரை வரைக்கும் பழைய ஆங்கிலப் புத்தகம் அடுக்கியிருக்கிறதே, அங்கே சனிக்கிழமை தோறும் இரண்டு பேரும் தனித்தனியாகப் போவார்கள். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் கீழே ஊறுகாய்க் கடைப் பக்கம் காத்துக்கொண்டு நிற்பார். ஒரே மோட்டார் சைக்கிளில் போய்வந்திருக்கலாம். போகமாட்டார்கள்.

அப்பாவுக்குப் பழைய ஆட்கள்தான். பழுத்து மஞ்சளான மெல்லிய புத்தகங்கள், அட்டையில் ராக்கெட், மூக்கை வைத்தால் நனைந்த மரத்தூள் வாசனை. எழுதியவர்கள் எல்லாரும் செத்துப் போனவர்கள். மாமாவுக்கு இன்றைய ஆட்கள். தலையணை தடிமனில், அட்டையில் எழுத்து மேடாக எழும்பி, விரலால் தடவினால் தெரியும்.

விடுமுறை நாட்களில் காலையில் அப்பா என்னை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். அம்மாவுக்கு என்னை வீட்டில் வைத்துக் கட்டுப்படுத்த முடியாது, அதுதான் காரணம். கொள்கலனுக்கு வரிசையில் நிற்கும்போது அப்பா இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கதை சொல்வார். டீசல் நாற்றம், கண்ணாடிக்குள் வெயில், பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ, பால் விடாத தேநீர். கதை வரிசை நகர்வதற்குள் முடிந்துவிடும். எல்லாக் கதையும் கடைசியில் ஒரு குத்து குத்தும்.

ஒன்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது. விண்கப்பலில் ஒரு சமையல்கார ரோபோ. பொய் சொல்லத் தெரியாது. வருடக்கணக்காகப் பறந்து களைத்த கேப்டன் கேட்கிறான், நாம் என்றைக்காவது ஊர் திரும்புவோமா? 'மாட்டோம்' என்கிறது ரோபோ. கோபத்தில் கதவைத் திறந்து அதை வெளியே தள்ளுகிறார்கள். அது விண்வெளியில் மிதக்கவில்லை. 'டங்' என்று தரையில் விழுகிறது. கப்பல் கிளம்பவே இல்லை. அத்தனை வருடமும் ஊரிலேயேதான் நின்றிருக்கிறது.

அந்த 'டங்'குக்கு அப்பா லாரிக் கதவில் ஓர் அடி அடிப்பார். பக்கத்து லாரிக்காரர் எட்டிப் பார்ப்பார்.

மாலையில் அப்பாவுக்கு வேலை முடியாது. மாமாவின் ஷிப்ட் முடிந்துவிடும். அதனால் வீட்டுக்குக் கூட்டிவருவது மாமா. தீவுக்கு வரும் ஃபெரியில் மோட்டார் சைக்கிள்களோடு மோட்டார் சைக்கிளாக நின்றுகொண்டு, உப்புக்காற்றில் கத்திக் கத்தி அவர் ஒரே கதையைத்தான் சொல்வார். உலகமே தண்ணீரில் மூழ்கிவிட்டது. திமிங்கல எலும்பால் கட்டிய ஒரு கப்பல். அதை ஓட்டுகிறவள் ஒரு பெண். புத்தகத்தில் அவளுக்கு என்னவோ பெயர், மாமா சொல்கையில் அவள் 'கப்பலக்கா'. மூழ்கின ஊரெல்லாம் பினாங்கு மாதிரியே இருக்கும். கொம்தார் கோபுரத்தின் உச்சி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிய, கப்பலக்கா அதில் கயிற்றைக் கட்டிவிட்டு மீன் பிடிப்பாள்.

கரை வந்து இரும்புப் பலகை 'தடால்' என்று இறங்கும். சுற்றி எல்லா வண்டியும் உறுமும். கதை அங்கேயே அறுந்துவிடும். அவள் கழுத்தில் கத்தி இருந்தாலும் சரி, நாளைக்குத்தான்.

ஆக, ஒருவர் கதை தினமும் முடியும். இன்னொருவர் கதை முடியவே முடியாது. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. இதை அப்போது என்னிடம் யாராவது தனியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

வீட்டில் சாப்பாட்டு நேரம் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்கள் குழுச் சண்டையெல்லாம் குழந்தை விளையாட்டு.

"ஏன்டா மச்சான், ஒன் ஆளு கதைய எப்பதான் முடிப்பான்? நாலு புக்கு வந்துருச்சு, அஞ்சாவது எங்க?"

"எழுதறாரு அத்தான்."

"தோட்டத்துல தக்காளி போடறான்னு நீதானே சொன்ன? தக்காளிக்குத் தண்ணி ஊத்தவே அவனுக்கு நேரம் சரியா இருக்கும்லா."

"உங்க ஆளுங்க எல்லாம் செத்துட்டாங்க. அதான் கதை முடிஞ்சிருக்கு."

"செத்தும் அவன படிக்கிறோம். உயிரோட இருக்கறவன் என்னா கிழிச்சான்?"

"உங்க ராக்கெட்டுல ஒரு பொம்பள இருக்காளா அத்தான்? ஒருத்தி வருவா. காப்பி ஊத்துவா. பயந்து கத்துவா. அவ்ளோதான்."

அடுப்படியிலிருந்து அம்மா குரல் வரும். "இங்கயும் அதான் நடக்குது. ரெண்டு பேரும் தட்டைக் கழுவி வச்சிட்டுப் போங்க."

கழுவமாட்டார்கள்.

வாயோடு நின்றிருந்தால் வீடு தாங்கியிருக்கும். அப்பா ஒருநாள் மாமாவின் இரண்டாவது புத்தகத்தை ஆடுகிற மேசைக்காற்றாடிக்கு அடியில் செருகினார். 'இதுக்குத்தான் ஆவும்' என்றார். மாமா அப்பாவின் ராக்கெட் அட்டை ஒன்றால் மோட்டார் சைக்கிள் சங்கிலியைத் துடைத்தார். அப்பா கூடத்து விளக்கைக் கழற்றி அறைக்குள் வைத்துக்கொண்டார். மாமா ஹெல்மெட்டில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு, சுரங்கத்தில் இறங்குகிறவர் மாதிரி உட்கார்ந்து படித்தார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அப்பா அந்தச் சொல்லைச் சொன்னார்: "ஓசியில படுக்கறவனுக்கு வெளிச்சம் வேற." அதற்குப் பிறகு சிரிப்பாக இல்லை. இரண்டு பேரும் நேராகப் பேசுவதை விட்டார்கள். 'ஒங்க மாமாகிட்ட சொல்லு', 'உங்கப்பாகிட்ட சொல்லு' என்று நான் தபால்காரன் ஆனேன். தபாலில் கொஞ்சம் மசாலாவும் சேர்த்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

இந்த நிலையில் தைப்பூசம் வந்தது.

தண்ணீர்மலை அடிவாரத்தில் வீடு இருந்தால் தைப்பூசத்துக்கு அது வீடில்லை, சத்திரம். நிபோங் திபாலிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, குடும்பத்தோடு வேனில் வந்து இறங்கினார். பாய், பானை, உறுமி மேளம், பால்குடம் எடுக்கிற மகள், விரதம் இருந்து முறுக்கேறிய மருமகன். கூடத்தில் கால் வைத்த அத்தை அப்படியே நின்றுவிட்டார். சுவரோரம் நான்கு பெட்டிகள். மளிகைக் கடையிலிருந்து வந்த டின்பால் அட்டைப் பெட்டிகள், நான்கும் அச்சு அசலாக ஒன்றே. இரண்டில் அப்பாவின் புத்தகம், இரண்டில் மாமாவின் புத்தகம். விருந்தாளிகள் வருவதால் அம்மா முதல்நாளே எல்லாவற்றையும் அடைத்து டேப் ஒட்டியிருந்தாள்.

"என்னா தம்பி இது, வீடா பழைய பேப்பர் கடையா? நாங்க எங்க படுக்கறது, இது மேலயா?" என்றார் அத்தை.

"ரெண்டு பெட்டியாச்சும் போனாத்தான் கால் நீட்ட முடியும்" என்றாள் அம்மா.

"அவன் பெட்டி போவட்டும்" என்றார் அப்பா. "அவனும் கூடவே போவட்டும்."

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு, அந்த மாதத்தில் முதல்முறையாக நேராகப் பதில் சொன்னார். "போறேன் அத்தான். உங்க மவன் சொல்லட்டும். எந்தக் கதை வேணும்னு அவன் சொல்லட்டும், நான் போறேன்."

"சொல்லுவான்லா. என் புள்ள."

அப்பா என் தோளைப் பிடித்துக் கூடத்து நடுவில் நிறுத்தினார். ஒருபக்கம் அப்பா, ஒருபக்கம் மாமா. சுவரோரம் நிபோங் திபால் முழுவதும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

"இங்க பாரு. பழசா, புதுசா? பழசுன்னு சொன்னா ஒங்க மாமா பெட்டிய தூக்கிக்கிட்டு இன்னைக்கே கெளம்புவான். புதுசுன்னு சொன்னா அவன் இருக்கலாம், நான் வாயே தெறக்க மாட்டேன். என் பெட்டி ரெண்டும் பந்தலுக்குப் போயிரும், கடலை மடிக்க. சொல்லு."

லாரிக்காரர்கள் சேர்ந்து வருடாவருடம் தண்ணீர்மலைச் சாலையில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். அப்பாதான் முன்னின்று நடத்துவார், சமையல் அம்மா பொறுப்பு. அந்த வருடம் பாலிஸ்டைரீன் தட்டு கூடாது என்று நகராட்சி சொல்லிவிட்டதால், வறுகடலை, கச்சாங் பூத்தே விற்கிறவர் மாதிரி காகிதத்தைச் சுருட்டிக் கொண்டைக்கடலை போட்டுக் கொடுப்பதாகப் பேச்சு. காகிதத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அப்பாவின் கதைகள் பிடிக்கும். ஆனால் அவை முடிந்தவை, என் தலைக்குள் பத்திரமாக இருந்தன. கப்பலக்காவோ அப்போது சேற்றில் மாட்டிக்கொண்டு நின்றாள். உணவு தீர்ந்துவிட்டது, காற்று இல்லை, அந்த இடத்தில்தான் முந்தின வாரம் இரும்புப் பலகை இறங்கியது. மாமா போனால் அவள் சேற்றிலேயே செத்துப்போவாள்.

"புதுசு" என்றேன். தெளிவாக, ஆண்பிள்ளையாக, நிமிர்ந்து நின்று சொன்னதாகத்தான் இத்தனை வருடமாக எனக்கு ஞாபகம்.

அத்தை 'ஐயோ' என்றார். மாமா என் தலையைத் தடவ வந்தவர் பாதியில் கையை இழுத்துக்கொண்டார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போய் லாரிக்குள் உட்கார்ந்தார்.

தைப்பூசத்தன்று விடியும்போதே சாலை மனிதர்களால் நிறைந்துவிட்டது. முந்தின நாள் தேர் போன வழியெல்லாம் உடைத்த தேங்காய்கள். இயந்திரம் வைத்து வாரித் தள்ளியும் மிச்சம் இருந்த சில்லுகள் பாதத்தில் குத்தின. வெயில் ஏற ஏற தேங்காய்த் தண்ணீர் புளித்து, சாலையே கள்ளுக்கடை மாதிரி மணந்தது. பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி. பக்கத்துப் பந்தல் பாட்டு நம் பந்தல் பாட்டை மிதிக்கும், நாம் இன்னும் ஏற்றுவோம்.

அப்பா முன்பக்கம் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார், பந்தலுக்கு முதுகைக் காட்டியபடி. புத்தகப் பெட்டிகளை அவர் தொடவில்லை. 'நீங்க பானையத் தூக்குங்க, பெட்டிய நான் கொண்டாறேன்' என்று அம்மாதான் அத்தையின் வேனில் ஏற்றிக் கொண்டுவந்தாள். பின்பக்கம் தார்ப்பாய் மறைவில் உட்கார்ந்து, அட்டைகளை எல்லாம் முதலில் பிய்த்து அடுப்புப் பக்கம் போட்டாள். பிறகு முதுகை உடைத்துப் பக்கம் பக்கமாகக் கிழித்துத் தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் தள்ளினாள். நான் சுருட்டினேன். அத்தை மகள் கடலை போட்டாள். கடுகும் தேங்காயும் காய்ந்த மிளகாயும் போட்டுத் தாளித்த சூட்டில் எண்ணெய் பட்டு எழுத்துகள் கண்ணாடி மாதிரி ஆயின. இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கத்து வரி தெரியும்.

காவடிக்கு முன்னால் ஆடுகிறவன் ஒரு கையில் கதை வைத்திருந்தான். சிகரெட்டை அணைத்துவிட்டு வந்த ஒரு சீனக் கிழவர் கடலையைத் தின்றுவிட்டுச் சுருளைப் பிரித்துப் படித்தார். திரும்பி வந்து மலாயில் கேட்டார், அடுத்த பக்கம் இருக்கிறதா என்று. அம்மா இன்னொரு கரண்டி கடலையைப் போட்டு அனுப்பினாள்.

அப்பாவின் முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்காக ஒரு பக்கமாவது மிஞ்சட்டும் என்று ஒன்றை மடித்து இடுப்பில் செருகினேன். ஆங்கிலம். என் படிப்புக்கு அதில் 'கயிறு' என்ற சொல்லும் 'கேப்டன்' என்ற சொல்லும் மட்டும் தெரிந்தன. அப்பாவிடம் கொடுக்கத் தைரியம் வரவில்லை. பிஸ்கட் டின்னில் போட்டு வைத்து, அர்த்தம் புரியாமலே அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

மாமா ஜெயித்தவர் இல்லையா? வீட்டில் இருந்து என்ன பண்ணினார் என்று கேளுங்கள். ஒன்றும் பண்ணவில்லை. அப்பா சொன்னபடி வாயே திறக்கவில்லை. மாமா உட்கார்ந்தால் அப்பா எழுந்துபோனார். என்னை லாரியில் ஏற்றுவதையும் விட்டுவிட்டார். லாரி இல்லையென்றால் பிறை இல்லை, பிறை இல்லையென்றால் ஃபெரி இல்லை. அத்தையின் வேன் போன அதே வாரம் மாமாவும் ஜொகூரில் வேலை என்று டேப் ஒட்டிய பெட்டி இரண்டையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அம்மாவின் காலைத் தொட்டார். என் கன்னத்தைக் கிள்ளினார். கப்பலக்கா என்ன ஆனாள் என்று நான் கேட்டேன். 'போன்ல சொல்றேன்டா' என்றார்.

போன் வந்தது. அப்பா எடுத்தார். எதிர்முனையில் மாமா கத்தியது எனக்கே கேட்டது. "திருட்டு வேல பண்ணிட்டீங்கல்ல அத்தான்? உங்க குப்பைய நீங்களே வச்சுக்குங்க!"

"யாருடா திருடன்? என் சோத்தத் தின்னுட்டு..." என்று அப்பா ஆரம்பித்து, முடிக்காமல் போனை வைத்தார். ஜெயித்த பிறகும் மிதிக்கிறானே என்றார். அதோடு சரி. இன்றுவரை இரண்டு பேரும் பேசியதில்லை. கல்யாணத்துக்கு வந்தால் ஒருவர் முதல் பந்தி, ஒருவர் கடைசிப் பந்தி.

அப்பா அதன்பிறகு கதை சொல்லவே இல்லை. புத்தகமும் வாங்கவில்லை. வரிசையில் நிற்கும்போது ரேடியோ கேட்டார்.

நானும் அப்படியே வளர்ந்தேன். எனக்குப் படிப்பு ஏறாததற்கு இதைக் காரணம் சொன்னால் நீங்கள் 'உச்சு' கொட்டுவீர்கள். வேண்டாம். எனக்குப் படிப்பு ஏறாததற்குக் காரணம் நான்தான்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். போன மாதம் நம் கூட்டத்துக்கு ஒரு தடிமனான ஆங்கிலப் புத்தகம் எடுத்தீர்கள், 'எளிமையா இருக்கும், எல்லாரும் படிக்கலாம்' என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். அகராதியைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு மதிய இடைவேளைகளில் படித்தேன். பத்துப் பக்கம் போவதற்குள் உலகம் தண்ணீரில் மூழ்கியது. எலும்பாலே ஒரு கப்பல் வந்தது. அதை ஓட்டுகிறவள் ஒரு பெண். கொம்தார் மட்டும் இல்லை.

ஃபோர்க்லிஃப்ட் மேலேயே உட்கார்ந்திருந்தேன். மேற்பார்வையாளன் வந்து கத்தும்வரை எனக்கு இடைவேளை முடிந்தது தெரியவில்லை.

நீங்கள் முதல் புத்தகத்தோடு நிறுத்தி, தேநீர் குடித்து, 'பாத்திரப் படைப்பு' என்று ஏதோ பேசிக் கலைந்தீர்கள். நான் சவ்ராஸ்தா மாடிக்குப் போய் மற்ற மூன்றையும் வாங்கினேன். கப்பல் சேற்றில் மாட்டியது மூன்றாவதன் முடிவில். நான்காவதைத் திறந்தேன். நடுவில் ஓரிடத்தில் என் கண் வரிக்கு முன்னால் ஓட ஆரம்பித்தது. அடுத்த சொல் என்னவென்று எனக்கு முன்பே தெரிந்தது.

டின்னை எடுத்துப் பார்த்தேன். அதே பக்கம். எண்ணெய்க் கறையோடு.

பசியில் கப்பலின் கயிற்றை வெட்டி வேகவைக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரு துண்டு. கேப்டன் சொல்கிறாள், முடிச்சை மட்டும் எனக்கு விடுங்கள், அதில்தான் மெல்லுவதற்கு நேரம் ஆகும் என்று. அவ்வளவுதான் அந்தப் பக்கம். கப்பலக்கா சேற்றில் சாகவில்லை. அது தெரியாமல் நான் எத்தனை நாள் அழுதிருக்கிறேன். பதில் என் கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின்னில் இருந்திருக்கிறது. அப்பாவின் பக்கம் என்று நினைத்து வைத்திருந்தேன்.

அப்படியானால் மாமாவின் புத்தகம் பந்தலுக்கு எப்படி வந்தது?

அம்மாவிடம் பக்கத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆமா. உங்கப்பாது ஒன்னு, ஒங்க மாமாது ஒன்னு. பெட்டிய மாத்தித்தான் ஏத்துனேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரியாம பண்ண எனக்கு என்னா கண்ணு அவிஞ்சா போச்சு? நான்தானே டேப் ஒட்டுனேன்."

"ஏன்மா?"

"ஒருத்தன் பெட்டிய மட்டும் கிழிச்சா இன்னொருத்தன் ஜெயிச்சேன்னு ஆடுவான். ரெண்டையும் கிழிச்சேன். ஆடுங்கடா இப்பன்னு."

"அப்ப மாமா ஜொகூருக்குத் தூக்கிட்டுப் போனது..."

"ஒன்னு அவன் பெட்டி, ஒன்னு உங்கப்பா பெட்டி. தெறந்து பாத்துட்டுத்தான் அன்னைக்கு போன்ல குதிச்சான். அத்தான் திருடிட்டாருன்னு நெனச்சிக்கிட்டான். இவரு அவன் திமிருல பேசறான்னு நெனச்சிக்கிட்டாரு."

"சொல்லிருக்கலாம்லமா. இத்தன வருஷம்!"

அம்மா கத்தியை வைத்தாள். "எதுக்குச் சொல்லணும்? பேசிக்காம இருக்கானுங்க, வீடு அமைதியா இருக்கு." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னைக்கு ஒன்ன நடுவுல நிக்க வச்சு கேட்டானுங்கல்ல. நீ புதுசுன்னு சொன்னியே, எப்படிச் சொன்ன, ஞாபகம் இருக்கா?"

"நல்லா நிமிந்து நின்னு..."

"கால்சட்டையிலயே ஒன்னுக்குப் போயிட்ட. காலு வழியா ஊத்துது, வாயி புதுசுங்குது. அவனுங்க ரெண்டு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு நின்னானுங்க. ஒருத்தனும் கீழ பாக்கல. நான்தான் துணிய போட்டுத் தொடச்சேன். தொடைக்கும்போதே முடிவு பண்ணிட்டேன்."

வெண்டைக்காய் மறுபடி விழ ஆரம்பித்தது.

அன்று சாயங்காலம் ஜொகூருக்குப் போன் போட்டு மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு, "அந்தப் பழைய குப்பைய நான் ஒன்னும் படிக்கலலா. அப்படியே கெடக்குது" என்றார்.

"சரி மாமா. சமையல்கார ரோபோ கதை ஒன்னு இருக்கும். வெளிய தள்ளுனதும் டங்குன்னு விழுமே, அது மட்டும் இருக்கான்னு பாருங்க."

"டங்குன்னு எங்கடா விழுது? அது எழுந்து நடந்து வந்து கதவத் தட்டும். உங்கப்பா மாத்திச் சொல்லிருக்காரு. அவருக்கு ஒழுங்கா ஒரு கதை சொல்லத் தெரியுமா..." என்றவர் நிறுத்தினார். மாட்டிக்கொண்டது அவருக்கே தெரிந்துவிட்டது. "சும்மா ஒருநாள் பொரட்டிப் பாத்தேன்லா" என்று போனை வைத்துவிட்டார்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மா கத்தியோடு இருக்கும்போது எப்படிச் சொல்வது?

ஆக, மக்களே, உங்கள் வாக்கெடுப்பு. நேற்றுத்தான் பட்டியலைச் சரியாகப் பார்த்தேன். மாமாவின் ஆளை, அந்தத் தக்காளிக்காரரை, எந்தப் பக்கம் போட்டிருக்கிறீர்கள் தெரியுமா? 'பழைய எழுத்தாளர்கள்' பக்கம். வங்கி அண்ணன் பெருமையாக எழுதியிருக்கிறார், 'இப்படியெல்லாம் இப்ப யாரு எழுதறா?' என்று. ஐந்தாவது புத்தகம் இன்னும் வரவில்லை, அந்த ஆள் இன்னும் உயிரோடு தோட்டத்தில் நிற்கிறார். அதற்குள் அவரைச் செத்தவர்கள் வரிசையில் உட்கார வைத்துவிட்டீர்கள். இதற்காகவா எங்கள் வீட்டில் இரண்டு ஆம்பளைகள் இத்தனை வருடம் தனித்தனிப் பந்தியில் சாப்பிட்டார்கள்?

நான் கைப்பேசியில் எந்த வட்டத்தையும் தொடப் போவதில்லை. அடுத்த மாதம் பிள்ளைகள் தினத்துக்குக் கட்டாயம் வருவேன். கறிபாப்பு தின்பேன். நீங்கள் பாட்டுக்குப் பழசு, புதுசு என்று அடித்துக்கொள்ளுங்கள், எனக்கும் பொழுது போகும். ஆனால் ஒரு பிள்ளையை, ஒரே ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி, எது வேண்டும் சொல் என்று கேட்டீர்களோ, நான் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன். குனிந்து அதன் காலைப் பார்ப்பேன். அதற்குப் பிறகு உங்கள் அலமாரியில் இரண்டு பக்கமும் மிஞ்சாது. கொண்டைக்கடலைக்கு நானே சொல்லிவிடுகிறேன். கிழிக்கத் தெரிந்தவள் பெற்ற பிள்ளை நான்.